சித்தி ஹாஜரா அடித்த எண்கள்

எங்கள் மலாய்த் தீவில் பிராங்கின் ரோட்டிலிருந்து குளுகோர் வரை ஓடிய வெள்ளைக்கோட்டு பஸ்ஸில் 1926 மார்ச் முதல் 1939 டிசம்பர் வரை ஏறியவர்கள் எல்லோரும் சித்தி ஹாஜராவின் கைவேலையைத் தங்கள் விரல்களுக்கிடையே பிடித்திருந்தார்கள். அவர் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது; சித்தி என்பது உறவுமுறை அல்ல, அந்தப் பெயரின் முன்பாதி. அவரும் முதல் எட்டு வருஷம் ஐந்து மாதம் அந்த பஸ்ஸில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

கம்பெனிக்கு நீளமான சீனப் பெயர் ஒன்று இருந்தது. பச்சை வண்டியின் இரு பக்கமும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியதால் ஊரில் எல்லோரும் வெள்ளைக்கோட்டு பஸ் என்றார்கள். 1929 ஜூன் 3ஆம் தேதி அந்தக் கம்பெனியின் டிக்கெட் அறையில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. டிக்கெட் கட்டுகளை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, காலையில் கண்டக்டர்களுக்குக் கொடுப்பது என் வேலை. அந்தக் கட்டுகள் வந்தது சித்தி ஹாஜராவின் வீட்டிலிருந்து.

அவர் 1892இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் பிறந்தவர். பள்ளிவாசல் இருந்த சாலைக்கு அப்போது பிட் ஸ்திரீட் என்று பெயர். தந்தை முகம்மது சுல்தான் கடைக்காரர்களுக்குப் பேரேடு தைத்துக் கொடுத்தவர். பேரேட்டில் ஒரு தாளை யாரும் கிழித்து எடுக்க முடியாதபடி ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அடிக்க வேண்டும். அதற்காக அவர் 1904இல் ஓர் எண் மிஷின் வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் பிடி, அதன் அடியில் எண் சக்கரங்கள். ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினால் தாளில் எண் விழும், சக்கரம் தானாக அடுத்த எண்ணுக்கு நகரும். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் அந்த மிஷின் கைக்கு வந்தது. பதினெட்டில் அப்துல் காதர் என்பவரை மணந்தார். கணவர் தொங்காங் படகுகளில் சரக்குக் கணக்கு எழுதியவர். 1925இல் காய்ச்சலில் இறந்தார். மகன் ஷேக் அலாவுதீனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அடுத்த மார்ச் மாதம் பஸ் கம்பெனி முதன்முதலாக எண் போட்ட டிக்கெட் கொண்டுவந்தது. அச்சுக்கூடம் டிக்கெட்டை அச்சடித்து வெட்டிக் கொடுக்கும், எண் இருக்காது. எண் அடிக்க ஆள் தேடினார்கள். சித்தி ஹாஜரா தன் தந்தையின் பழைய பேரேடு ஒன்றைக் கம்பெனிக்குக் கொடுத்தனுப்பினார். 1 முதல் 600 வரை எல்லா எண்ணும் ஒரே உயரத்தில், ஒரே மையில், ஒரே மூலையில் இருந்தன. வேலை அவருக்குக் கிடைத்தது.

அவர் வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஓர் அரைக்கதவு. அதற்கு மேலே ஒரு பூப்போட்ட திரை. சனிக்கிழமை தோறும் நான் திரைக்கு வெளியே நிற்பேன், அவர் உள்ளே நிற்பார். இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து கட்டுகளைக் கதவின் மேல் வைக்கும். வலது கட்டைவிரலில் ஊதா மை ஆறாத காயம்போல ஒட்டியிருக்கும். ஐந்து வருஷம் அந்தக் கைகளைத்தான் நான் அறிந்திருந்தேன்.

ஒவ்வொரு வாரமும் அவருக்கு 10,050 வெற்று டிக்கெட் போகும். பத்தாயிரம் எண் அடிக்க, ஐம்பது பாழாவதற்கு. கறை பட்டதும் மிஞ்சியதும் சேர்த்து ஐம்பது திரும்பி வரவேண்டும். நூறு நூறாகத் தைத்து ஒரு கட்டு. அவர் டிக்கெட்டுகளை எண்ணுவதில்லை. 00 என்று முடியும் எண் வந்ததும் அங்கே கட்டை முறித்துத் தைப்பார். நானும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு கட்டிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்ப்பேன். 64401, 64500, சரி. அடுத்த கட்டு. அது போதும் என்று இருவரும் நினைத்தோம்.

அவருடைய ஒப்பந்தத்தில் ஐந்தாம் விதி என்று ஒன்று உண்டு. எண்ணில் ஒரு பிழை கண்டால் கம்பெனி வேலையை வேறு இடத்துக்கு மாற்றலாம். 1933இல் அச்சுக்கூடமே எண் அடிக்கும் எந்திரம் வாங்கி, இனி எண்ணையும் தாங்களே போட்டுத் தருவதாகத் தவுக்கேக்கு எழுதியிருந்தது. தவுக்கே என்றால் எங்கள் சீன முதலாளி. அவர் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. இந்தச் செய்தி திரைக்கு உள்ளேயும் போயிருந்தது.

இனி 1934 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. காலை 11.20க்குப் புறப்பட்ட ஆறாம் நம்பர் வண்டி. கண்டக்டர் சுப்பையா, அவர் சட்டையில் இருந்த பித்தளை வில்லை எண் 23. ஜெலுத்தோங் சந்தைக்கு அடுத்த நிறுத்தத்தில் செக்கர் ஏறினார். அருகருகே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நீல டிக்கெட்டை நீட்டினார்கள். இரண்டும் ஐந்து காசு டிக்கெட். இரண்டிலும் 64415.

"என்ன சுப்பையா, ரெட்டைப் புள்ளையா?" என்றார் செக்கர்.

"கட்டுல மேல இருந்ததைக் கிழிச்சேன்ணே. வேற எங்க போய்க் கிழிப்பேன்?"

"வேற எங்கன்னுதான் நானும் கேக்குறேன்."

அந்த வருஷம் வேறு ஊர்களில் கள்ள டிக்கெட் அச்சடித்து விற்றதாகப் பேச்சு இருந்தது. செக்கர் சுப்பையாவின் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். எண் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட இருபது காசு கூடுதல். குறைந்தால் கவனக்குறைவு, கூடினால் கள்ள டிக்கெட் என்பது செக்கர்களின் நியாயம். சுப்பையாவின் கையிலிருந்த டிக்கெட் பலகையை, அதில் மாட்டியிருந்த கட்டோடு, பழுப்புத் தாளில் சுற்றி அரக்கு வைத்து ஒரு போலீஸ்காரர் முன்னிலையில் மேலே கையெழுத்தும் போட்டார். வில்லை கழற்றப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொட்டலத்தோடு போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவாயிற்று. புகார் போனால் சுப்பையாவின் லைசென்ஸ் போகும். வழக்கு எப்படி முடிந்தாலும் அது திரும்பி வராது.

மேனேஜர் ஐயாத்துரை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்காரர். நானும் அந்தப் பக்கத்தவன் என்பதால் என்னிடம் கூடுதலாகவே கண்டிப்பு. புதன்கிழமை காலை அந்த இரண்டு டிக்கெட்டையும் ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"இஞ்சை பாரும் கார்த்திகேசு. இதிலை ஒண்டு எங்கடை, ஒண்டு கள்ளம். எது கள்ளமெண்டு அந்த மனுசியிட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்."

வெளியே சுப்பையா காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். வில்லை இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளை.

"வேலையில்லாத நாளிலை என்னத்துக்குச் சட்டை?" என்று கேட்டேன்.

"வீட்டுல லெட்சுமிகிட்ட இன்னும் சொல்லலீங்க. கைலியோட கெளம்புனா ஏன்னு கேப்பா. பொய் சொல்ல எனக்கு வராது. அதான் சட்டையைப் பேச விட்டுட்டேன்."

இருவரும் பிட் ஸ்திரீட்டுக்கு நடந்தோம். புதன்கிழமையில் என் குரல் கேட்டதும் திரைக்கு உள்ளே மிஷின் சத்தம் நின்றது.

"என்ன கிராணி, இன்னைக்குச் சனிக்கிழமையா? இல்ல உங்க காலண்டர்ல நாள் தப்பிப் போச்சா?"

நடந்ததைச் சொன்னேன். டிக்கெட் இரண்டையும் அரைக்கதவின் மேல் வைத்தேன். கை வந்து எடுத்துக்கொண்டது.

"நாலைப் பாருங்க," என்றார். கை திரும்பி வந்து டிக்கெட்டுகளைக் காட்டியது. "நாலோட கால்ல ஒரு துண்டு இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னால மிஷின் கீழ விழுந்தப்ப ஒடஞ்சது. ரெண்டு டிக்கெட்டுலயும் ஒடஞ்ச நாலுதான். ரெண்டும் என் மிஷின் அடிச்சது. கள்ளமும் இல்ல, கிள்ளமும் இல்ல."

எனக்கு ஐந்தாம் விதி நினைவுக்கு வந்தது. "அக்கா, நான் இதை எழுதமுதல் ஒருக்கா யோசியுங்கோ. எழுதினால் பிறகு அழிக்கேலாது. அச்சுக்கூடத்துக்காரன் வேலையைப் பிடுங்கக் காத்துக்கொண்டு நிக்கிறான்."

"யோசிச்சா நாலுக்குக் கால் முளைச்சிடுமா? எழுதுங்க."

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா, உங்க பொழப்பு போயிடுமே."

"தம்பி, நீ ஏறி எறங்குற படியைப் பாத்து நட. என் பொழப்பை நான் பாத்துக்குறேன்." பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "ஆனா ஒரே நம்பரை ரெண்டு தரம் எப்படி அடிச்சேன்? எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட நடக்கலையே."

அந்த மிஷினின் பக்கவாட்டில் காசு அளவு வட்டம் ஒன்று உண்டு. அதில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். நடுவே ஒரு முள். முள் ஒன்றில் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் எண் நகரும். இரண்டில் வைத்தால் ஒரே எண் இரண்டு தாளில் விழுந்த பிறகே நகரும். கடைக்காரர்களின் பில் புத்தகத்துக்கு, பில்லுக்கும் நகலுக்கும் ஒரே எண் வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. சித்தி ஹாஜரா டிக்கெட் அடிப்பார். மருமகள் சலேஹா பகலில் சில நாள் அதே மிஷினில் பில் புத்தகம் அடிப்பாள்.

"சலேஹா!"

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம். "என்ன மாமி?"

"இந்த முள்ளை ரெண்டுல வச்சுட்டு மறந்தியா என்னைக்காவது?"

"மறக்கல மாமி. திருப்பி வச்சேனே."

"எப்ப?"

"போன மாசம். அந்த மாங்காய்க் கடை பில்லு அடிச்ச அன்னைக்கு. நீங்க டிக்கெட்டு அடிக்க உக்காந்தீங்க, ஒடனே அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்க, எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் வந்து பாத்தா முள்ளு ரெண்டுல இருக்கு. ஒண்ணுல வச்சேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க தொழுதுக்கிட்டு இருந்தீங்க."

"தொழுது முடிச்ச பொறவு?"

"பொறவு நீங்க அடிக்க ஆரம்பிச்சிட்டீங்க. அடிக்கறப்பப் பேசுனா ஏசுவீங்க." சலேஹாவின் குரல் தாழ்ந்தது. "மேல பதினேழுன்னு முடியுற டிக்கெட்டு ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணை எடுத்துப் பாழுல போட்டுருவீங்கன்னு நெனச்சேன் மாமி."

"ரெண்டு பதினேழு," என்றார் சித்தி ஹாஜரா. "நீ மேல கெடந்ததை மட்டும் பாத்தே. அடியில எத்தனை கெடந்துச்சோ."

எத்தனை என்பதை என்னால் சொல்ல முடிந்தது. என் பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். 1934 ஜூலை 21, சனிக்கிழமை: திரும்பி வந்தவை 44. ஆறு குறைவு. அச்சுக்கூடம் எண்ணிக்கையில் குறைத்து அனுப்பியிருக்கலாம் என்று அன்று சித்தி ஹாஜரா சொன்னார், நானும் அப்படியே எழுதியிருந்தேன். அச்சுக்கூடத்தின் மேல் பழி போட்டது பிசகு. ஆறு டிக்கெட்டும் கட்டுக்குள்ளேயே போயிருந்தன.

திரைக்கு உள்ளே விரல்கள் அரைக்கதவில் தட்டின. "ஆறு நம்பர் ரெட்டிச்சிருக்கு. கடைசி பதினேழு. அப்போ பன்னெண்டுல தொடக்கம். சுப்பையா எதுவரைக்கும் வித்தான்?"

"பதினஞ்சோட நின்னு போச்சுக்கா."

"மிச்சக் கட்டு எங்க?"

"அரக்கு வச்சு மேனேசர் பீரோவுல இருக்கு. யாரும் பிரிக்கல."

"யாரும் பிரிக்கலையா? நல்லதாப் போச்சு. நாளைக்கு நானே வர்றேன்."

அவர் எங்கும் வருபவர் அல்ல. சுப்பையா என்னைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

வியாழக்கிழமை பிற்பகல் 2.30க்கு ஒரு ரிக்‌ஷா கம்பெனி வாசலில் நின்றது. வெள்ளைச் செலெண்டாங் முக்காட்டைத் தலையில் போட்ட, உயரமான ஒரு பெண்மணி இறங்கினார். கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. முகத்தை வைத்து எனக்கு யாரென்று தெரியவில்லை. ஊதாக் கட்டைவிரலைப் பார்த்ததும் எழுந்து நின்றேன்.

ஐயாத்துரை நாற்காலியைக் காட்டினார். "இருங்கோ. என்ன விசயம்?"

அவர் உட்கார்ந்து, துணி மூட்டையை மேசைமேல் வைத்தார், அவிழ்க்கவில்லை.

"ரெண்டு டிக்கெட்டும் நான் அடிச்சது. சுப்பையா பேர்ல தப்பு இல்ல. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கறதுக்கு முன்னால நான் சொல்றேன், கிராணி எழுதிக்கட்டும். மேல பதினாறு இருக்கும். அதுக்குக் கீழயும் பதினாறு. பொறவு ரெண்டு பதினேழு. பதினெட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒத்தை ஒத்தையாத்தான் இருக்கும். வேற மாதிரி இருந்தா, நாளைக்குச் சுப்பையாவோட என்னையும் சேர்த்துப் போலீசுக்கு அனுப்புங்க."

நான் எழுதினேன். நேரத்தையும் போட்டேன்: 2.38. ஐயாத்துரை அதை வாங்கிப் படித்துவிட்டு செக்கரைக் கூப்பிட்டார். அரக்கையும் கையெழுத்தையும் சரிபார்க்கச் சொன்னார். பிறகு பேனாக்கத்தியால் அரக்கை உடைத்தார்.

பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டி, உரக்க வாசித்தார்.

"பதினாறு." புரட்டினார். "பதினாறு." செக்கர் மேசையருகே வந்தார். "பதினேழு. பதினேழு." இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். "பதினெட்டு. பத்தொன்பது."

அதோடு விட்டுவிடவில்லை. நூறு வரை வாசித்து முடித்தார். மிச்சம் எண்பத்தேழு டிக்கெட். காசுக் கணக்குப்படி விற்றது பத்தொன்பது. ஆக அந்தக் கட்டில் நூற்றாறு. எண் கணக்குப்படி விற்றது பதினைந்துதான். நாலு டிக்கெட் கூடுதலாகப் போயிருக்கிறது. பையில் கூடியிருந்த இருபது காசும் அதுதான். டிக்கெட்டுகளைத் தைத்திருந்த நூலைத் தூக்கிப் பார்த்தார். முடிச்சு பிரிக்கப்படவே இல்லை.

"அந்த வில்லையைக் கொண்டுவாரும்," என்றார் செக்கரிடம். செக்கர் தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்தார். கதவுக்கு வெளியே நின்ற சுப்பையாவுக்கு அதைக் குத்திக்கொள்ள மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

பிறகு ஐயாத்துரை ஒப்பந்தத்தை எடுத்தார். "அம்மா, ஐந்தாம் விதி எண்டு ஒண்டு கிடக்கு. தெரியுமோ?"

"தெரியும். எழுதுன அன்னைக்கே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தெரிஞ்சுதான் வந்தேன்."

நான் எழுந்தேன். "சேர், நூற்றாறு டிக்கெட் உள்ள கட்டை நூறெண்டு வாங்கிக் கையெழுத்து வைச்சது நான். ஆறு குறைஞ்ச நேரம் தேடாமல் விட்டதும் நான்தான்."

"உம்மை ஆர் கேட்டது? இரும்."

இருந்தேன்.

"அந்த முள்ளு நாளைக்கும் இரண்டுக்குத் திரும்பாதெண்டு நான் தவுக்கேக்கு எப்பிடிச் சொல்லுறது?"

சித்தி ஹாஜரா அப்போதுதான் மூட்டையை அவிழ்த்தார். மிஷினை மேனேஜர் பக்கமாகத் திருப்பி வைத்தார். வட்டத்தின் மேல் ஒரு சொட்டு ஈயம் இறுகி நின்றது. முள் ஒன்றில் நின்று, ஈயத்துக்குள் புதைந்திருந்தது.

"திருப்பிப் பாருங்க."

ஐயாத்துரை கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். பேனாக்கத்தியாலும் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"அச்சே தெருவுல ஈயம் பத்த வைக்குறவன்கிட்ட நேத்து மஃரிபு தொழுகைக்கு முன்னாலயே குடுத்து முடிச்சிட்டேன். பில்லு அடிக்க வேற மிஷின் வாங்கிக்குறோம். இது இனிமே டிக்கெட்டுக்கு மட்டுந்தான்." துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "வேலை குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். மிஷினை நான் சரி பண்ணிட்டேன்."

மேனேஜர் உள் அறைக்குப் போய்த் தவுக்கேயோடு டெலிபோனில் பேசினார். பதினோரு நிமிஷம். சித்தி ஹாஜரா மேசைமேல் இருந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் தைத்த கட்டு பஸ் கம்பெனியில் எப்படி அடுக்கப்படுகிறது என்று அன்றுதான் பார்க்கிறார்.

ஐயாத்துரை திரும்பி வந்தார். "தவுக்கே இரண்டு கேள்விதான் கேட்டார். பிழையைக் கண்டுபிடிச்சது ஆரெண்டு. அடிச்ச மனுசிதான் எண்டன். அச்சுக்கூடத்துக்காரன் இப்பிடி வந்து சொல்லுவானோ எண்டு கேட்டார்." ஒப்பந்தத்தைத் திரும்பக் கோப்பில் வைத்தார். "மூண்டு மாதம் பார்ப்பம். இனி எண்ணை மட்டும் பார்க்கிறேல்லை, டிக்கெட்டை எண்ண வேணும். நீங்களும் எண்ணுங்கோ. கார்த்திகேசு, நீரும் எண்ணும்."

அடுத்த சனிக்கிழமை முதல் திரைக்கு உள்ளே சலேஹா உரக்க எண்ணினாள். வெளியே நான் எண்ணினேன். மூன்று மாதம் ஐந்து வருஷமாயிற்று. 1939 டிசம்பர் 30 வரை எங்கள் எண்ணிக்கை இரண்டு முறை வேறுபட்டது. இரண்டு முறையும் பிழை என்னுடையது.

அந்த வியாழக்கிழமை அதோடு முடியவில்லை. ரிக்‌ஷாக்காரர் காத்துக்கொண்டிருந்தார். சித்தி ஹாஜரா அவரை அனுப்பிவிட்டு, புறப்படத் தயாராக நின்ற ஆறாம் நம்பர் வண்டியைப் பார்த்தார்.

"இது எதுவரைக்கும் போகும்?"

"குளுகோர் வரைக்கும்கா," என்றார் சுப்பையா. வில்லை நேராக மின்னியது.

"போயிட்டு இங்கேயே திரும்பி வருமா?"

"வரும். ஏறுங்கக்கா. உங்ககிட்ட டிக்கெட்டுக் காசு வாங்குனா என் கை விளங்காது."

"டிக்கெட்டு குடுக்காம ஏத்துனா செக்கர் மறுபடியும் வில்லையைக் கழட்டுவான். கிழி."

சுப்பையா புதிய கட்டிலிருந்து ஒரு நீல டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சித்தி ஹாஜரா அதை வெளிச்சத்தில் பிடித்து, நாலின் உடைந்த காலைப் பார்த்து, தலையசைத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் கட்டைக் குடு."

"எதுக்குக்கா?"

"எண்ணணும்."

"வண்டி கெளம்புற நேரம்கா!"

"நேரத்துக்கு, பிழையான கட்டோட கெளம்பப் போறியா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சீனர் கடிகாரத்தைப் பார்த்தார். சுப்பையா பலகையை நீட்டினார். அவர் மடியில் வைத்து ஊதாக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். தொண்ணூற்றொன்பது, கையில் இருந்ததோடு நூறு. பலகையைத் திருப்பிக் கொடுத்தார். சுப்பையா மணியை இரண்டு முறை அடித்தார்.

அன்றைய புறப்பாட்டுப் பதிவில் நான் எழுதியது: ஆறாம் நம்பர் வண்டி. குறித்த நேரம் 3.40. புறப்பட்டது 3.44. தாமதம் நான்கு நிமிஷம். காரணம்: பயணி ஒருவர் டிக்கெட் எண்ணினார், சரியாக இருந்தது.